உரிந்ததா, தேய்ந்ததா?

“ஒட்டுது ஐயா. தண்ணி நல்லா ஒட்டுது. வந்து பாருங்க.”

இசக்கிமுத்து அந்தப் பித்தளைக் கிண்ணத்தைச் செம்புக் கம்பியில் தொங்கவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். விரல் படவில்லை. மூச்சும் படக்கூடாதென்று முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். கிண்ணத்தின் மேல் தண்ணீர் ஒரே படலமாக நின்றது. எங்கும் விலகவில்லை. முத்து முத்தாகத் திரளவில்லை.

முலாம் பூசுகிறவனுக்கு இந்தச் சோதனை போதும். பித்தளையில் கடுகளவு பிசுக்கு இருந்தாலும் தண்ணீர் அந்த இடத்தை விட்டு ஒதுங்கும். ஒதுங்கிய இடத்தில் வெள்ளி பிடிக்காது. பிடித்த மாதிரி இருந்தாலும் பிறகு தோல் தோலாக உரிந்து வரும். தண்ணீர் ஒதுங்காவிட்டால் சாமான் சுத்தம் என்று அர்த்தம்.

நான் எழுந்து போய்ச் சுற்றிப் பார்த்தேன். குனிந்து அடிப்பாகத்தையும் பார்த்தேன். “சரி, தொட்டியில இறக்கும்” என்றேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு கடிதம்

நான் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மேலதிகாரியான கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். மின்சார ரசாயனம் படித்த ஒருவர் தம் திறமை ஒன்றினாலேயே இவ்வளவு உயர்ந்தது நம் ஜில்லாவுக்கே பெருமையாம்.

கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திறமையாவது, மண்ணாங்கட்டியாவது. நான் உயர்ந்தது ஒரு அறிக்கையால். அந்த அறிக்கை பொய். போன வாரமே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. இந்த வாரம் எழுதித் தொலைக்கிறேன்.

ஓலைக் கொட்டகை

நான் சென்னையில் ரசாயனம் படித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி, ஒரு மிஷன் கல்லூரியில் பையன்களுக்குச் சோதனை செய்து காட்டும் வேலையில் சேர்ந்தேன். கல்லூரிக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை சும்மா கிடந்தது. அதை எனக்குக் கொடுத்தார்கள். என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்த இடம் அது ஒன்றுதான். பிற்காலத்தில் எனக்கு மேஜை விசிறி போட்ட அறை கிடைத்தது. அதில் ஒரு நாள்கூட நான் சீட்டியடித்ததில்லை.

அப்போது ஊரில் மின்சாரம் கிடையாது. ஜாடிகளில் மயில்துத்தக் கரைசல் ஊற்றி, நாகத் தகடு, அதாவது துத்தநாகம், வைத்து நாங்களேதான் மின்சாரம் உண்டாக்கினோம். வரிசையாகப் பன்னிரண்டு ஜாடி, நீல நீலமாக. காலையில் ஓலை இடுக்கு வழியாக வெயில் விழும்போது அந்த நீலம் சுவரில் ஆடும். திராவக வாடை மூக்கைத் துளைக்கும். எனக்கு அது பிடிக்கும். இன்றும் எங்காவது அந்த வாடை வந்தால் நின்றுவிடுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் வண்ணார்பேட்டைப் பக்கம் போய் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவோம். ஐப்பசி கார்த்திகையில் கலங்கி வரும். மற்ற மாதங்களில் அந்தத் தண்ணீருக்கு ஈடு கிடையாது. சென்னையில் காய்ச்சி வாலை வடித்த தண்ணீரில் செய்த வேலையை நான் இங்கே தாமிரபரணியை ஒரு தரம் வடித்துச் செய்தேன்.

வெள்ளி உப்பு கையில் பட்டால் விரல் கறுத்துவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. என் பத்து விரலும் கரிதான். பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு என்ன, தொழுநோய் கிழுநோய் உண்டுமா?” என்று சபையில் கேட்டுவிட்டாள். என் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. ஞானப்பூ, அதாவது என் மனைவி, கதவுக்குப் பின்னாலிருந்து, “அது வேலை செஞ்ச கறை அத்தை, பாத்தாத் தெரியலையா?” என்றாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் சம்மதித்தேன்.

இசக்கிமுத்து முக்கூடல்காரர். ஓட்டைப் பாத்திரத்தை அடைத்து ஒக்கிடுகிற வேலை. கல்லூரி விடுதி அண்டாவை அடைக்க வந்தவர், கொட்டகையில் நீல ஜாடியைப் பார்த்து நின்றார். மறுநாளும் வந்து நின்றார். மூன்றாம் நாள் நான் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அப்போது நான் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது அப்படி வரவில்லை.

மின்சாரத்தை அளக்க என்னிடம் சீமைக் கருவி ஒன்று இருந்தது. அதில் பாதி நாள் முள் அசையாது. இசக்கிமுத்து ஜாடி ஜாடியாக இரண்டு கம்பி நுனியையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார். “புளிக்கி. ஆனா மட்டாத்தான் புளிக்கி. ரெண்டாவது ஜாடியில நாகம் செத்துப்போச்சு ஐயா” என்பார். எடுத்துப் பார்த்தால் இரண்டாவது ஜாடிதான். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஒரு வருஷக் கெடு

சர்க்காரில் தொழில் வளர்ப்பதற்கு ஒரு துரையைப் போட்டிருந்தார்கள். அவர் எங்கள் கோயிலுக்குத்தான் ஆராதனைக்கு வருவார். எங்கள் நற்கருணைக் கிண்ணம் பித்தளை. அதில் திராட்சரசம் களிம்பு வாடை அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “நீ வெள்ளி முலாம் பூசுகிறாயாமே. இதற்குப் பூசு. ஒரு வருஷம் வாராவாரம் புழங்கியும் முலாம் நின்றால், கொட்டகையைச் சர்க்கார் பட்டறையாக்குகிறேன். உன் ஆளுக்கும் நிரந்தர வேலை.”

இதை இசக்கிமுத்துவிடம் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த தகட்டைக் கீழே வைத்தார். பிறகு, “சர்க்கார் வேலைன்னா மழைக்காலத்திலயும் உண்டும்லா?” என்று கேட்டார். ஊர் ஊராகப் போய் ஒக்கிடுகிறவனுக்கு மழைக்காலம் என்றால் பட்டினி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிண்ணத்தைப் பூசுவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. காலையில் நான் கொட்டகைக்குள் நுழைந்தால் பன்னிரண்டு ஜாடிக்கும் சந்தனம், குங்குமம். வெள்ளிக் கரைசல் இருந்த தொட்டிக்கும் பொட்டு.

“என்ன வே இது? கிறிஸ்தவன் கொட்டகையில?”

“தொட்டிக்கு வெளியதான் ஐயா வச்சிருக்கேன். உள்ள ஒரு துளி விழல.”

“விழுந்திருந்தா?”

“விழுந்திருந்தா அந்தத் தண்ணியை நானே குடிக்கேன்.”

“குடிச்சா செத்துப்போவீரு. அது சயனைடு.”

“அது தெரிஞ்சுதான விழாம வச்சேன்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. துடைக்கச் சொன்னேன், துடைத்தார். அதோடு முடிந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் நான் முதலில் சொன்ன தண்ணீர்ச் சோதனை. சந்தனம் பட்டிருந்தால் அதில் தெரிந்திருக்கும். தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாதிரி ஐயர் கிண்ணத்தைத் தூக்கினார். கோயில் ஜன்னல் வெயில் அதில் பட்டுத் தூண் வரைக்கும் தெறித்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஞானப்பூ தலை குனிந்துகொண்டாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் இசக்கிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“நீரு எங்கன இங்கன?”

“ஜன்னல் வழியாப் பாத்தேன் ஐயா. நல்லாத்தான் மின்னுது” என்றார். லீவுக்கு ஊருக்குப் போனவர், முக்கூடலிலிருந்து நடுராத்திரியே கிளம்பி நடந்து வந்திருக்கிறார்.

மஞ்சள்

ஐந்தாம் மாதம் கிண்ணத்தில் மஞ்சள் தெரிந்தது.

விளிம்பில் கொஞ்சம், பிடிக் குமிழில் கொஞ்சம், அடிப்பாதத்தில் கொஞ்சம். ஐயர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “துரை புதன்கிழமை பார்க்க வருகிறாராம்” என்றார். கொட்டகை போய்விடும். பெயர் போய்விடும். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது.

இசக்கிமுத்து கிண்ணத்தை வாங்கி நகத்தால் சுரண்டினார்.

“இது உரியல ஐயா. தேஞ்சிருக்கு. உரிஞ்சா செதில் செதிலா வரும்லா? பாருங்க, மேடா இருக்கிற இடத்தில மட்டுந்தான் போயிருக்கு. சிலுவை வெட்டியிருக்கிற கோட்டுக்குள்ள வெள்ளி அப்படியே கெடக்கு. யாரோ போட்டு நறநறன்னு தேய்க்காவ.”

“கோயில் பாத்திரத்தை யாரு வே நறநறன்னு தேய்ப்பா? சும்மா இரும்” என்றேன்.

அவர் சொன்னது பால பாடம். அதை நான் வருஷா வருஷம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். உரிவது வேறு, தேய்வது வேறு. உரிந்தால் பூசினவன் குற்றம். தேய்ந்தால் புழங்கினவன் குற்றம். ஒரு லென்ஸை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். நான் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பேனாவை எடுத்தேன்.

அறிக்கையில் என்ன எழுதினேன் என்றால்: ஆயுத பூஜையன்று வேலைக்காரன் தொட்டிக்கும் ஜாடிகளுக்கும் சந்தனம் பூசினான். அந்தப் பசையால் கரைசல் கெட்டது. ஆகவே முலாம் சரியாகப் பிடிக்காமல் உரிந்துவிட்டது. ரசாயனத்தில் குறை இல்லை, மூடப் பழக்கத்தில்தான் குறை.

துரைக்கு அது தேனாக இனித்தது. இரண்டு தரம் படித்தார். “இவ்வளவு தெளிவான அறிக்கையை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததில்லை” என்றார். இசக்கிமுத்துவை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

அவர் சண்டை போடவில்லை. ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாகத் தகடுகளைத் துடைத்து அடுக்கினார். வாசலில் நின்று, “ரெண்டாவது ஜாடியில கீறல் இருக்கு. பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை

துரை எனக்கு இன்னொரு தவணை கொடுத்தார். இந்த முறை நானே தனியாக, மூடப் பழக்கம் எதுவும் இல்லாமல், அதே கிண்ணத்துக்குப் பூசினேன். சொந்தக் கையால் கழுவினேன். தண்ணீர்ச் சோதனை மூன்று தரம்.

இரண்டே மாதத்தில் அதே விளிம்பு, அதே குமிழ், அதே பாதம். மஞ்சள்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் எனக்குத் தலைவலி. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் நறநறவென்று சத்தம். கிணற்றடியில் ஞானப்பூ. ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் செங்கல்பொடி, மடியில் நற்கருணைக் கிண்ணம்.

எங்கள் கோயிலில் இது ஒரு வழக்கம். நற்கருணைப் பாத்திரங்களைச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துலக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. மூன்று தலைமுறையாகப் பித்தளையைத் துலக்கிய கைகள். பித்தளைக்குப் புளியும் செங்கல்பொடியும்தான். கிண்ணத்துக்கு மேலே வந்தது காகிதக் கனமுள்ள வெள்ளி என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா? இல்லை.

“என்ன செய்யுத?” என்றேன்.

“முறை எஸ்தரக்காளுக்கு. நாந்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். மொதல்ல பூசுனதுல இருந்தே பாதி வாரம் நாந்தான், இப்பம் எல்லா வாரமும் நாந்தான் துலக்குதேன். நீங்க பூசுனதுன்னு ஊரே பாக்குது. மங்கலா இருந்தா உங்களுக்குத்தான கொறச்சல்?” நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மற்றப் பெண்கள் ஒரு பங்கு தேய்த்தால் இவள் நாலு பங்கு தேய்த்திருக்கிறாள். எனக்காக.

“இனிமே வெறும் துணியால துடை. அது போதும்” என்றேன். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் இன்னொரு அறிக்கை எழுதினேன். ஏழே வரி. உறையிலும் போட்டேன். திங்கட்கிழமை அனுப்ப எடுத்துப்போனபோது கல்லூரி வாசலில் தபால்காரர் எனக்கு ஒரு உறை கொடுத்தார். தெளிவாக அறிக்கை எழுதுகிறவன் என்பதால், துரை என்னை மறுவருஷத்திலிருந்து ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மேற்பார்வையாளனாக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு உறை சட்டைப்பையில், ஒரு உறை கையில். கையில் இருந்ததைப் பிரித்துப் படித்தேன். பையில் இருந்தது பையிலேயே இருந்தது.

கிண்ணத்துக்கு மறுபடியும் பூசிக் கொடுத்தேன். ஞானப்பூ துணியால் துடைத்தாள், மற்றப் பெண்களுக்கும் சொல்லி வைத்தாள். வருஷம் முழுவதும் மின்னியது. துரை பார்த்துவிட்டு, “பார், சந்தனம் இல்லாவிட்டால் எப்படி நிற்கிறது!” என்றார். நான் தலையாட்டினேன். என் முதுகெலும்பு அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. கொட்டகையை நான் கிளம்பிய வாரமே பூட்டிவிட்டார்கள். பட்டறையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

பேட்டை

ஊரை விட்டுப் போகுமுன் பக்கத்து ஊரான பேட்டைக்குப் போனேன். இசக்கிமுத்து அங்கே ஒரு பட்டறையில் ஈயம் பூசிக்கொண்டிருந்தார். காய்ந்த சட்டிக்குள் நவச்சாரத்தைத் தூவ, வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. பஞ்சால் ஒரு சுழற்று. சட்டி நிலவு மாதிரி ஆனது.

“வாரும்” என்றார். ‘ஐயா’ இல்லை.

“இசக்கி, அது உரியல. தேஞ்சதுதான்.”

“அதை நான் அன்னைக்கே சொன்னேன்லா.”

“செங்கல்பொடி போட்டுத் துலக்கியிருக்காவ.”

“சுத்தமா இருக்கணும்னு துலக்கியிருப்பாவ. அது தப்பில்ல.” சட்டியை இறக்கி வைத்தார். “நீரு எழுதுனீரே, அதை மாத்தி எழுதி அனுப்பியாச்சா?”

“இல்ல.”

அவர் பஞ்சைக் கீழே போட்டார்.

“அப்பம் எங்கிட்ட எதுக்கு வே சொல்லுதீரு? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லும்.”

நான் எழுந்தேன். பட்டறையைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது: “வீட்ல சட்டி பானையில ஈயம் போனா குடுத்து விடும். பூசித் தாரேன்.”

பிறகு நான் பெரிய அதிகாரியானேன். என் விரல் கறை மூன்று மாதத்தில் போய்விட்டது. ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவனை, ஆராய்ச்சி செய்கிறவர்களின் லீவு மனுவைப் பார்க்க உட்காரவைத்தார்கள். என் கீழே வேலை செய்த பையன்கள் யார்மீதாவது குறை எழுதி வந்தால், “நீ கண்ணால் பார்த்தாயா?” என்று ஒரு கேள்வி கேட்பேன். அதைப் பெரிய ஞானம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். திருடினவனுக்குப் பூட்டைப் பற்றித் தெரிந்திருப்பது ஞானமா?

எந்த ஊரில் இருந்தாலும் விடுமுறைக்கு வரும்போது எங்கள் வீட்டுச் சட்டி பானை பேட்டைக்குப் போகும், பளபளவென்று திரும்பி வரும். நானே கொண்டுபோனதில்லை. ஆள் மூலம் கொடுத்தனுப்புவேன். போன ஐப்பசியில் ஒரு அண்டா பூசாமலே திரும்பி வந்தது. கொண்டுபோனவன், “அவரு போயிட்டாராம்” என்றான்.

அனுப்பாத உறை

இவ்வளவையும் எழுதி நேற்று ஞானப்பூவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இதில் ஒரு வார்த்தை தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், கிணற்றடி வந்ததும் கையை நிறுத்திவிட்டாள்.

“நான் துலக்குனதுக்கா அந்த மனுசனை அனுப்புனீங்க?”

“அப்ப எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்ச பெறகு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே துரை முன்னால போய் நின்னு சொல்லியிருப்பேனே. இத்தனை வருசமா அவரு பூசுன சட்டியிலதான உங்களுக்கு ஆக்கிப் போட்டேன்.”

நான் எழுதிய காகிதங்களை மடித்தேன்.

“பத்திரிகைக்கு அனுப்புங்க” என்றாள். “என் பேரையும் போடுங்க. யாரோ துலக்குனாங்கன்னு மழுப்பாதீங்க.”

அந்தப் பழைய உறையைத் தேடி எடுத்தேன். காகிதம் பழுத்திருக்கிறது. ஒரு வரி மட்டும் அவள் சொன்னபடி மாற்றியிருக்கிறேன். துரை இல்லை, இசக்கிமுத்து இல்லை. தெரியாதவர்களிடம் சொல்லும் என்று அவர் அன்றே சொன்னார். உங்களுக்குத் தெரியாது. ஆகவே உங்களுக்கு அனுப்புகிறேன்.

‘கிண்ணத்தின் முலாம் உரியவில்லை. தேய்ந்தது. பூசுவதற்கு முன் செய்த தண்ணீர்ச் சோதனையில் குறை இல்லை, அதை நான் நேரில் பார்த்தேன். செங்கல்பொடியால் துலக்கியது என் மனைவி ஞானப்பூ. துலக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டது நான். பூசியவர் முக்கூடல் இசக்கிமுத்து. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.’